படம் சுருங்குவது ஏன்? பெருநகரில் ஓவியரின் இடமும் நேரமும்

கேள்வி: நான் எண்ணெய் வண்ண ஓவியர். சிறிய ஊரில் இருந்தவரை 5 அடிக்கு 4 அடி கேன்வாஸில் வரைந்தேன். பெருநகரத்துக்கு வந்து 2 வருடம் ஆகிறது. வாரம் 5 நாள் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பு வேலை. தங்கியிருக்கும் 10-க்கு 11 அடி அறையிலேயே வரைகிறேன். இப்போது என் படங்கள் 12-க்கு 16 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. டர்பன்டைன் வாடையால் தலைவலி வேறு. பட்டறைக்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று 10 நிமிட நடை, வாடகை அதிகம். மற்றது ஒன்றேகால் மணி நேரப் பயணம், வாடகை முதலாவதில் 60 சதவீதம்தான். வாரம் மூன்று கண்காட்சித் திறப்புகளுக்காவது போகிறேன், இதுவரை ஒரு படமும் விற்கவில்லை. இந்த ஊர் என்னைச் சிறியவளாக்கிவிட்டதா? திரும்பிப் போய்விடட்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தலைவலி. மற்றவை சில மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

வண்ணத்தை இளக்கவும் தூரிகை கழுவவும் பயன்படும் டர்பன்டைன் என்ற கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது. ஜன்னலைத் திறந்துதானே வைத்திருக்கிறேன் என்பீர்கள். ஜன்னல் இடுப்பு உயரத்துக்கு மேல் தொடங்குகிறது, ஆவி தரையோரம் தேங்குகிறது. பாயிலோ தாழ்வான கட்டிலிலோ படுத்தால் அதற்குள்ளேயே மூக்கை வைத்துத் தூங்குகிறீர்கள். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டாலும் ஈரப் படமும் துடைத்த துணியும் பல மணி நேரம் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். வாடையில்லாத தின்னர் என்று விற்பதில் வாடைதான் இருக்காது, ஆவி இருக்கும். கூடவே மூக்கு தரும் எச்சரிக்கையும் போய்விடும். தூசிக்குப் போடும் என்95 முகக்கவசத்தாலும் பயனில்லை. ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், அதை மாட்டிக்கொண்டு யாரும் தூங்குவதில்லை. எனவே படுக்கும் அறையில் கரைப்பானே கூடாது. இதில் மட்டும் பேரத்துக்கு இடம் இல்லை.

எண்ணெய் வண்ணத்தை விட வேண்டியதில்லை, கரைப்பானை விட்டால் போதும். தூரிகையை முதலில் பழைய துணியில் நன்றாகத் துடையுங்கள். பிறகு குசும்பா எண்ணெயில் அலசி, மறுபடி துடைத்து, கடைசியாகச் சோப்புப் போட்டு நுரை வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள். சோப்பை அரைகுறையாகப் போட்டால் மயிரின் அடியில் எண்ணெய் தங்கும். அடுத்த நாள் அது படத்தில் கலந்து, அந்த இடம் மட்டும் வாரக்கணக்கில் காயாமல் ஒட்டும். படத்தைக் கரைப்பான் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்பதுதான் அடுத்த சிக்கல். முதல் அடுக்கை மெல்லியதாக்க எண்ணெய் சேர்த்தால், கீழடுக்கில் எண்ணெய் கூடியும் மேலடுக்கில் குறைந்தும் போய் நாளடைவில் மேலடுக்கு வெடிக்கும். அதனால் முதல் அடுக்கை மட்டும் நீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தில் மெல்லிசாகப் போட்டுவிடுங்கள். அது நன்றாகக் காய்ந்ததும், குழாயிலிருந்து வரும் எண்ணெய் வண்ணத்தை எதுவும் கலக்காமல் அதன்மேல் போடலாம். கடைசி அடுக்கில் சில துளி ஆளிவிதை எண்ணெய் சேர்க்கலாம். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்து வந்துவிடும்.

துணிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடும் வெளிவருகிறது. எண்ணெய்த் துணிகளைக் கசக்கிப் பிளாஸ்டிக் பையில் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, யாரும் தொடாமலேயே தீப்பிடிக்கும். ஒற்றை அறையில், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் போடுங்கள், அல்லது மொட்டைமாடியில் ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

இனி படத்தின் அளவு. உங்களை ஊர் சிறியவளாக்கவில்லை, கட்டில்தான் ஆக்கியிருக்கிறது. ஒரு படத்தை முழுதாக ஒரே பார்வையில் பார்க்க, அதன் நீளமான பக்கத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் பின்னால் போக வேண்டும். 5 அடிப் படத்துக்கு ஏழரை முதல் 10 அடி. 11 அடி அறையில் கட்டிலும் படத்தைத் தாங்கும் ஈசலும் அலமாரியும் போக உங்களுக்கு மிஞ்சுவது 5 அடி இருந்தாலே பெரிது. அதில் அடங்குவது 3 அடிப் படம்தான். ஈரப் படத்தைச் சாய்த்து வைக்க வேறு சுவர் இல்லாததால் அதுவும் குறைந்து 16 அங்குலத்துக்கு வந்திருக்கிறது. கை இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். ஆனால் மணிக்கட்டில் வரையும் கோடும் தோளிலிருந்து வரும் கோடும் வேறு வேறு. இரண்டு வருடம் மணிக்கட்டிலேயே வரைந்தால், தோள்கோடு மறந்துபோனதுபோல் இருக்கும். அது பழக்கம்தான், சில வாரத்தில் திரும்பிவிடும். இடையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தி, செய்தித்தாளிலோ பழுப்புத் தாளிலோ கரித்துண்டால் வாரம் ஓரிரு முறை ஆளுயரக் கோடுகள் போட்டு வாருங்கள். தாளைச் சுருட்டி வைத்துவிடலாம், இடம் கேட்காது.

பார்க்கும் தூரத்தைக் கூட்ட ஒரு பழைய பட்டறை உத்தி உண்டு. உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டி, திரும்பி நின்று படத்தை அதில் பாருங்கள். 5 அடித் தூரம் கிட்டத்தட்ட 10 அடியாகும். படம் இடவலம் மாறித் தெரிவதால், கண் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்ட கோணலும் சாய்வும் உடனே பிடிபடும். கைபேசியில் படமெடுத்துச் சிறிதாக்கிப் பார்க்கலாமே என்பவர்கள் உண்டு. அமைப்பைச் சரிபார்க்க அது உதவும், நிறத்துக்கு அதை நம்பாதீர்கள்.

பெரிய படத்தைத் துண்டாக்குவது இன்னொரு வழி. 5 அடி அகலம், 4 அடி உயரம் வேண்டுமென்றால், இரண்டரை அடி அகலத்தில் இரண்டு சட்டங்கள். கேன்வாஸ் இழுக்கும் முன்பே, அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டைகளையும் ஒன்றாகப் பிடித்து, மேல் மூலையிலிருந்தும் கீழ் மூலையிலிருந்தும் ஓரடி தள்ளித் துளையிட்டுக்கொள்ளுங்கள். பின்னால் போல்ட்டும் இறக்கை நட்டும் போட்டு முடுக்கினால் இரண்டும் ஒன்றாக நிற்கும். துணி இழுத்த பிறகு துளையிடப் போனால் துளைகள் நேருக்கு நேர் வராது. எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் ஒரு கோடு தெரியும். அதை மறைக்க முயலாமல், கோடு இருக்கும் என்று தெரிந்தே படத்தை அமையுங்கள். முகத்தின் நடுவே அது போனால் நன்றாக இருக்காது.

அறையை இவ்வளவு சீர்செய்தாலும் அது பட்டறை ஆகிவிடாது. நீங்கள் பார்த்த இரண்டு இடங்களுக்கு வருவோம். பெரும்பாலோர் மாத வாடகையை ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது கையில் தூரிகை இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை. பக்கத்துப் பட்டறையின் வாடகையை 100 என்றும் தூரத்தில் இருப்பதை 60 என்றும் வைத்துக்கொள்வோம். எந்தப் பட்டறையானாலும் வண்ணம் எடுத்து வைக்க அரை மணி, கழுவி மூட அரை மணி என்று ஒரு மணி நேரம் போய்விடும்.

வேலை நாள் மாலையில் 4 மணி நேரம் கிடைக்கிறது, வாரம் மூன்று மாலை போகிறீர்கள், மாதத்துக்கு 12 முறை. பக்கத்தில் என்றால் போகவர 20 நிமிடம், ஆயத்தம் 1 மணி, மிச்சம் 2 மணி 40 நிமிடம். மாதத்துக்கு 32 மணி, மணிக்கு 3.1 வீதம். தூரத்தில் என்றால் பயணத்திலேயே இரண்டரை மணி போய், மிச்சம் வெறும் அரை மணி. மாதத்துக்கு 6 மணி, மணிக்கு 10. மலிவான பட்டறை மூன்று மடங்கு விலையாகிவிட்டது.

இதையே சனி, ஞாயிறு முழு நாளாகப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 8 நாள். பக்கத்தில் 69 மணி, மணிக்கு 1.45. தூரத்தில் 52 மணி, மணிக்கு 1.15. இப்போது தூரத்துப் பட்டறை மலிவு. ஆனால் மாலைகளையும் வார இறுதியையும் சேர்த்து உண்மையிலேயே உழைத்தால் பக்கத்துப் பட்டறையில் 101 மணி நேரம் கிடைக்கும், மணிக்கு ஒன்றுதான், எல்லாவற்றிலும் மலிவு அதுதான். ஆக, மாலைகளில் நீங்கள் போவீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லோரும் போவேன் என்றுதான் சொல்வார்கள். முன்பணம் கொடுக்கும் முன் 4 வாரம் சோதித்துப் பாருங்கள். வாரம் மூன்று மாலை, எதற்கும் போகாமல், இப்போதைய அறையிலேயே வேலை. எத்தனை மாலை உட்கார்ந்தீர்கள் என்று நாட்காட்டியில் குறியுங்கள். 12-இல் 8 வந்தால் பக்கத்துப் பட்டறையை எடுங்கள். அதற்குக் கீழே என்றால் தூரத்தில் உள்ளதும் முழு வார இறுதிகளும்தான் உங்களுக்கு.

வாரம் ஒருமுறை வேலை செய்தால் ஓட்டம் அறுபடும் என்று பயப்பட வேண்டாம், எண்ணெய் வண்ணத்துக்கு அந்த இடைவெளி பொருந்தவே செய்யும். அம்பர் போன்ற மண்நிறங்கள் மெல்லிசாகப் போட்டால் இரண்டொரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். காட்மியம் நிறங்களும் ஐவரி கறுப்பும் ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுக்கும். ஞாயிறு மாலை கறுப்பைத் தடிமனாகப் போட்டுவிட்டு அடுத்த சனி அதன்மேல் ஏற்றப் போனால் கீழே இருப்பது கலங்கி மேலே வரும். அடுக்கடுக்காக வரைபவர் இந்த வரிசையைத் திட்டமிட்டுக்கொண்டால் 5 நாள் இடைவெளி நல்ல துணை. ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே மூச்சில் முடிப்பவருக்குத்தான் அது எதிரி. அவர் சனி காலை தொடங்கியதை ஞாயிறு இரவு முடித்தாக வேண்டும்.

பட்டறையைப் பகலில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடாதீர்கள். நீங்கள் அங்கே இருக்கப்போகும் நேரத்தில் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை போங்கள். கூரை ஒழுகும் இடமும் சுவரில் ஏறும் ஈரமும் அன்றுதான் தெரியும். பக்கத்துத் தடுப்பில் யாராவது ஸ்ப்ரே அடிக்கிறார்களா, மரம் அறுக்கிறார்களா என்று பாருங்கள். தடுப்பு கூரைவரை எட்டாவிட்டால் அவர்கள் தூசி உங்கள் ஈர வார்னிஷில் வந்து உட்காரும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அதற்கு எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். வழியில்லாத அறையில் ஃபேன் சத்தம் போடும், காற்று நகராது. ஆவி உங்கள் முகத்தைக் கடந்து ஃபேனுக்குப் போகாதபடி, நீங்கள் காற்று வரும் பக்கம் நிற்பதுபோல் ஈசலைப் போட முடிய வேண்டும்.

வெளிச்சத்துக்கு, பூமத்திய ரேகைக்கு வடக்கே என்றால் வடக்கு ஜன்னல், தெற்கே என்றால் தெற்கு ஜன்னல் என்பது எல்லோரும் அறிந்தது, நேரடி வெயில் அவ்வளவாக விழாது. நகரத்தில் கவனிக்க வேண்டியது எதிர்க் கட்டடத்தின் நிறம். செங்கல் நிறச் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் நீங்கள் கலக்கும் சாம்பல்கள் எல்லாம் உங்களை அறியாமல் பச்சை, நீலம் பக்கம் சாயும். படம் வேறு அறைக்குப் போன பிறகுதான் அது தெரியும். மாலை வேலைக்கு விளக்கு எப்படியும் வேண்டும். 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 95 அல்லது அதற்கு மேல் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். சிஆர்ஐ குறைந்த விளக்கில் சிவப்புகள்தான் முதலில் செத்துப்போகும். இரண்டு விளக்கு, படத்துக்கு இருபுறமும் 45 பாகை சாய்வில். ஒரே விளக்கை நேரே அடித்தால் ஈர எண்ணெய் பளபளத்து எதுவும் தெரியாது. கேலரிகள் பலவற்றில் இதைவிட மஞ்சளான, 3000 கெல்வின் அளவு விளக்குதான் இருக்கும். முடிக்கும் முன் ஒருமுறை அப்படிப்பட்ட விளக்கிலும் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு கதவு, படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட். அளந்து கணக்குப் போடுவதைவிட எளிய வழி, நீங்கள் வரைய நினைக்கும் மிகப்பெரிய அளவில் நாலு மெல்லிய மரச்சட்டத்தை ஆணியடித்து, அதை ஒருமுறை தெருவிலிருந்து பட்டறைவரை தூக்கிப்போய்ப் பார்ப்பது. சட்டம் வெறுமனே நுழைந்தால் போதாது, சுற்றிலும் பொதியும் அட்டையும் மூலைக்காப்பும் சேர்ந்து பக்கத்துக்கு 2 அங்குலம் கூடும். நகரத்து ஓவியர்கள் பலருடைய படங்களின் அளவு அவர்கள் லிஃப்டின் அளவுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவ்வளவு வேடிக்கையான விஷயமும் இல்லை. (சிற்பி நண்பர்கள் யாராவது கேட்டால் அவர்களுக்குத் தரை முக்கியம் என்று சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் அரை மீட்டர் உள்ள கருங்கல் கட்டி 330 கிலோவைத் தாண்டும். குடியிருப்புத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குத்தான் கட்டுகிறார்கள்.)

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, இந்தக் கட்டடம் ஏன் இப்போது காலியாக இருக்கிறது என்பது. பெருநகரங்களில் கலைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் இடம் பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் பழைய பயன் முடிந்து புதிய பயன் தொடங்காத இடைவெளியில்தான் கிடைக்கிறது. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஆலைகள் காலிசெய்த தளங்களில் ஓவியர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினார்கள். 1971-இல் நகராட்சி அங்கே கலைஞர்கள் குடியிருப்பதைச் சட்டப்பூர்வமாக்கியது. 1982-இல் அப்படிப்பட்ட தளங்களில் வசிப்பவர்களைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் கடைகளும் வசதியானவர்களும் வந்து வாடகை ஏறிய பிறகு, புதிதாக வரும் ஓவியருக்கு அங்கே இடமில்லை. லண்டனில் 1968-இல் ஓவியர்கள் பிரிஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் ஸ்பேஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, பயனற்றுக் கிடந்த செயின்ட் கேதரின் துறைமுகக் கிடங்கைப் பட்டறைகளாக்கினார்கள். சில வருடத்தில் அந்தத் துறைமுகம் மறுநிர்மாணத்துக்குப் போனது. அமைப்பு மட்டும் வேறு கட்டடங்களுக்கு மாறி இன்றும் இருக்கிறது. இதற்கு மாறாக, பாரிஸில் சிற்பி ஆல்ஃபிரட் பூஷே 1902-இல் கலைஞர்களுக்கென்றே அமைத்த லா ரூஷ் இன்றும் பட்டறைகளாகவே இருக்கிறது. ஓவியர்கள் சாகாலும் சூட்டினும் ஆப்பு வடிவ அறைகளில் வேலை செய்த அதே கட்டடம். உரிமையாளரின் நோக்கம் என்ன என்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

அதனால் இடைக்காலக் கட்டடம் என்று தெரிந்தால் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுங்கள், ஆனால் சுவரில் எதையும் கட்டாதீர்கள். மேசை, தட்டுச்சட்டம், தடுப்பு எல்லாம் சக்கரத்தில் இருக்கட்டும். காலிசெய்யும் அறிவிப்புக் காலம் 3 மாதமாவது எழுத்தில் இருக்கட்டும், ஒரு கண்காட்சிக்கு வேலை நடக்கும்போது ஒரு மாத அறிவிப்பு வந்தால் கண்காட்சியே போய்விடும். உள்ளே இருக்கும் படங்களுக்கு நீர், தீ சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது, இரவு எத்தனை மணிவரை உள்ளே இருக்கலாம், வருடத்துக்கு வாடகை எத்தனை சதவீதம் ஏறும், வெளியூர் போகும் இரண்டு மாதத்துக்கு இன்னொருவருக்கு விடலாமா, இவை எழுத்தில் இல்லாவிட்டால் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த படங்களை அடுக்குவதிலும் இடப்பற்றாக்குறை வேலையைக் காட்டும். வெளிச்சுவரில் சாய்க்காதீர்கள், ஈரம் ஏறும். தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்துங்கள். முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு, நடுவில் அட்டை. மாதக்கணக்கில் இருட்டில் அடுக்கிய எண்ணெய்ப் படம் மஞ்சளிக்கும். பயப்பட வேண்டாம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெருமளவு தெளியும். சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதானால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் வண்ணம் நசுங்கி, பிரிக்கும்போது விரிசல் விடும். 4 அங்குல விட்டத்துக்குக் குறைந்த குழாய் வேண்டாம், 8 அங்குலம் கிடைத்தால் நல்லது. தடிமனான வண்ணம் என்றால் சுருட்டவே வேண்டாம். குமிழ்ப் பொதித்தாளை வண்ணத்தின்மேல் நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். விளம்பர வடிவமைப்பு உங்களிடமிருந்து எடுப்பது நேரத்தை மட்டுமல்ல. எந்த நிறம், எங்கே வெற்றிடம், எது பெரிது என்று நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்த அதே கண்ணோடுதான் மாலையில் ஈசலுக்கு முன் உட்காருகிறீர்கள். ஓவியர் ராபர்ட் ரைமன் 1953 முதல் 1960 வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தார். அந்த வேலை அவர் கண்ணைச் செலவழிக்காமல் நிரப்பியது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. அதனால் வேலை நாள் மாலைகளில் முடிவெடுக்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கேன்வாஸ் இழுப்பது, ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சைப் பூசித் தேய்ப்பது, சிறிய மாதிரியைக் கட்டம்போட்டுக் கேன்வாஸுக்கு மாற்றுவது, அக்ரிலிக் அடித்தளம் போடுவது எல்லாம் மாலைக்கு. நிறம் முடிவுசெய்வது வார இறுதிக் காலைக்கு. நிறுவனத்தில் வாரம் 4 நாள் கேட்டுப் பார்க்கவும் தயங்க வேண்டாம். சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், உங்கள் முழு நாட்கள் இரண்டிலிருந்து மூன்றாகும், அதாவது பாதி கூடும். பட்டறை வாடகையை வைத்துக்கொண்டு இதைத் தாளில் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

திறப்பு விழாக்கள். பயணத்தோடு சேர்த்து ஒன்றுக்கு 3 மணி நேரம் வைத்தாலும் வாரம் 9 மணி. தூரத்துப் பட்டறையில் ஒரு முழு நாளில் கிடைக்கும் தூரிகை நேரமே ஆறரை மணிதான். அதுவும் திறப்பன்று யாரும் படம் பார்ப்பதில்லை, படத்துக்கு முதுகு காட்டி நின்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மாதம் ஒன்று போதும், உங்களுக்குத் தெரிந்த ஓவியருடையது. மற்றவற்றுக்கு வேலை நாளில் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். ஒரே படத்தின் முன் 40 நிமிடம். ஓரத்துக்குப் போய்ப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வண்ணத்தின் மேடுபள்ளம் பாருங்கள், கேன்வாஸின் விளிம்பில் அடியில் போட்ட நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள், படத்தின் அளவைக் கைவிரித்து உங்கள் உடம்போடு ஒப்பிடுங்கள். திரையில் இது எதுவும் கிடைக்காது. பெருநகரம் உங்களுக்கு நிச்சயமாகத் தரக்கூடியது மூலப் படங்களை அடிக்கடி பார்க்கும் வாய்ப்பும், வேலை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பதும்தான். வாடகையில் நீங்கள் கொடுப்பது அந்த அருகாமைக்குத்தான், சதுர அடிக்கு இல்லை.

வேலை தெரிந்தவர்கள் என்றால் கேலரி உரிமையாளர் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் செய்யும் தச்சர், ஃப்ரேம் போடுபவர், படம் மாட்டும் ஆட்கள், ஓவியங்களைப் புகைப்படம் எடுப்பவர், இவர்களுக்குத்தான் யார் எந்த அளவில் வேலை செய்கிறார்கள், எந்தக் கேலரி பணத்தை நேரத்துக்குக் கொடுக்கிறது என்பதெல்லாம் தெரியும். அதோடு நாலைந்து ஓவியர்கள் மாதம் ஒருமுறை ஒருவர் பட்டறையில் கூடுங்கள். ஆளுக்கு ஒரு படம், 25 நிமிடம். முதல் 5 நிமிடம் யாரும் பேசக் கூடாது, வரைந்தவர் கடைசிவரை விளக்கக் கூடாது. விளக்கம் சொல்லத் தொடங்கிய நிமிடமே மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

விற்பனைக்கு, ஒரு கேலரியை அணுகும் முன் அதன் மூன்று கண்காட்சிகளாவது பார்த்திருங்கள். உங்கள் படம் அங்கே பொருந்துமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு 6 முதல் 8 படங்கள், ஒவ்வொன்றுக்கும் அளவு, ஊடகம் (எந்த வண்ணம், எதன்மேல்), வருடம். அவ்வளவு போதும், நீண்ட கலைக்கொள்கை வேண்டாம். பட்டறைக்கு வரச் சொல்லும்போது முடிந்த படம் ஐந்தாவது இருக்க வேண்டும். விலையைப் பரப்பளவில் போடாதீர்கள். 12-க்கு 16 அங்குலப் படத்தைவிட 60-க்கு 48 படம் பரப்பில் 15 மடங்கு. அந்த விகிதத்தில் சின்னது சரியான விலை என்றால் பெரியதை யாரும் வாங்க மாட்டார்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, ஒரே எண்ணால் பெருக்குங்கள். 28-ம் 108-ம், நாலு மடங்குக்கும் சற்றுக் குறைவு. பெரியதற்கு ஆகும் சட்டம், வண்ணச் செலவைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். கேலரிகளின் பங்கு பெரும்பாலும் பாதி. அதை மனதில் வைத்தே விலை போட வேண்டும், பட்டறையில் விற்றாலும் அதே விலைதான். பட்டறையில் பாதி விலை என்று தெரிந்தால் அந்தக் கேலரி உங்களைத் திரும்பக் கூப்பிடாது. படத்தைக் கொடுக்கும்போது படப் பட்டியல், விலை, பங்கு, எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம், ஃப்ரேம் செலவு பங்கு பிரிப்பதற்கு முன்னா பின்னா, விற்ற எத்தனை நாளில் பணம், விற்காதது எந்தத் தேதியில் திரும்பும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இனி, திரும்பிப் போவதா என்ற கேள்வி. அப்படி முழுசாகப் போவதற்கும் முழுசாக இருப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வருடத்தில் ஒருமுறை 6 வாரம், ஊரில் ஒரு கிடங்கையோ மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்துப் பெரிய படங்களை அங்கே போடுங்கள். நகரத்தில் சிறியதும், ஒத்திகையும், பார்ப்பதும், பேசுவதும். இதற்கு நகரத்தில் முன்னேற்பாடு தேவை. சின்ன அளவில் வண்ண ஒத்திகைகளை முடித்து, சட்டங்களைப் பிரித்துக் கட்டி, தேவையான வண்ணத்தை அளந்து எடுத்துப் போனால்தான் 6 வாரத்தில் மூன்று பெரிய படமாவது முடியும். முடித்த சூட்டில் சுருட்டி நகரத்துக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். தொடக் காய்ந்திருந்தாலும் உள்ளே இறுக மாதங்கள் ஆகும், அடுத்த பயணத்தில் எடுத்துக்கொள்ளலாம். இறுதி வார்னிஷும் 6 மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத்தான்.

இதைச் செய்துகொண்டே 3 மாதம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இந்த ஊரில் இல்லாவிட்டால் பார்த்திருக்க முடியாத மூலப் படங்கள் எத்தனை, உங்கள் படத்தைப் பற்றிப் பயனாக யாராவது பேசியது எத்தனை முறை, இங்கே இருந்ததால் வந்த வேலையோ வாய்ப்போ எத்தனை. திறப்பு விழாவில் கைகுலுக்கியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றிலும் பக்கம் காலியாகக் கிடந்தால் நீங்கள் பயன்படுத்தாத ஒன்றுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தாராளமாகத் திரும்பிப் போகலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை. வருடம் இருமுறை 10 நாள் வந்து பார்த்துப் போனாலே உங்களுக்குப் போதுமாக இருக்கும்.

அப்படி முடிவானால், அறையையும் பட்டறையையும் காலிசெய்வதற்கு 3 மாதம் முன்பே, கேலரியிலோ நண்பர்களிடமோ ஃப்ரேம் கடையிலோ இருக்கும் உங்கள் படங்களின் பட்டியலை நேரில் போய்ச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊர் மாறிய பிறகு தொலைபேசியில் அதை வாங்குவது மிகவும் கடினம்.